மிச்சப் பேருக்கு நாளைக்கு

தெர்மாமீட்டரை எடுத்த பிறகும் அன்னம்மா வாயை மூடவில்லை.

லீலாவதி முதலில் அதைக் கவனிக்கவில்லை. கம்பிவலை அடித்த ஜன்னலருகே போய், பாதரசக் கோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நூற்றுமூன்று என்று அட்டையில் எழுதிவிட்டுத் திரும்பினாள். அப்போதும் முதல் கட்டிலில் அந்த வாய் திறந்தபடியே இருந்தது. தூக்கத்தில் தாடை தளர்ந்து தானாகத் திறந்துகொள்ளும் வாயாக அது தெரியவில்லை. கழுத்தை நீட்டி, மோவாயை உயர்த்தி, நாக்கைக் கீழே அழுத்தி, உள்ளே பாருங்கள் என்று காட்டுவதற்காகத் திறந்த வாய். அன்னம்மாவின் கண்கள் லீலாவதியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"போதும் அத்தை. மூடிக்குங்க."

அன்னம்மா மெல்ல மூடிக்கொண்டாள். இன்றைக்குக் கிடையாது என்று திருப்பி அனுப்பப்பட்டவளின் முகம் அவளுக்கு.

பிற்பகல் மூன்று மணி. கோரையாற்றுத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அது எப்போதும் தூங்கும் நேரம். தகரக் கூரை வெயிலில் சுருங்கி விரிந்து டிக், டிக் என்று சத்தம் போடும். எண்ணெய் ஆலையிலிருந்து வரும் புளித்த வாடை, தரை கழுவிய டெட்டாலின் வாடையோடு கலந்து தொண்டையில் ஒட்டும். வராந்தாவுக்கு அப்பால் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் போய், பட்டப்பகலிலும் உள்ளே இருட்டை வைத்திருக்கும். அதற்கும் அப்பால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம். வழக்கமாக இந்த நேரத்தில் லயத்திலிருந்து ஏதாவது ஒரு சேவல் நேரங்கெட்டுக் கூவும். மூன்று வாரமாக அந்தச் சத்தம் இல்லை. கூவுவதற்கு லயத்தில் ஒரு சேவலும் மிஞ்சவில்லை.

எண்பத்தைந்தாம் வருடம் ஆடி பிறப்பதற்குச் சில நாள் முன்பு கோழிகள் சாகத் தொடங்கின. முதலில் தோட்டக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கூண்டில் நாலு. பிறகு ஒவ்வொரு லயமாக. கழுத்தை மேலே நீட்டி, அலகைத் திறந்து, காற்றைக் கடித்துக் கடித்துத் தின்பதுபோல் நாள் முழுக்க நின்றுவிட்டு, சாயங்காலம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். சாவதற்குள் அறுத்துக் குழம்பு வைத்தவர்கள் வைத்தார்கள். மற்றவர்கள் புதைத்தார்கள். கோழி ஓய்ந்ததும் காய்ச்சல் வந்தது. பெண்கள் வார்டின் எட்டுக் கட்டில்களும் ஒரே வாரத்தில் நிறைந்துவிட்டன.

எட்டாவது கட்டிலில் கங்கா இருந்தாள். லீலாவதியின் கணவன் சேதுவுக்கு மூத்தவள்.

இளவயதிலேயே தாலியறுத்துவிட்டு வந்து, தாயில்லாத தம்பியை வளர்த்து, அவனை லோரி ஓட்டப் பழக்கி, கல்யாணமும் செய்துவைத்தவள். நாத்தனார் என்றால் முள் என்று எச்சரித்து அனுப்பிய உறவுக்காரர்களெல்லாம் லீலாவதி விஷயத்தில் தோற்றுப்போனார்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வருகிறவளுக்குச் சுடுதண்ணீர் காய்ச்சி வைத்துக் காத்திருப்பாள் கங்கா. நான்கு வருடமாக லீலாவதிக்குக் குழந்தை இல்லை என்று லயமே பேசியபோது, அவள் வாயைத் திறக்காமல் தோட்டத்து முனையிலிருந்த முனியாண்டி கோயிலுக்குப் போய், ஒரு சிவப்புச் சேவலை நேர்ந்துவிட்டு வந்தாள்.

நேர்ந்த சேவல் தன் காலில் நடந்து கத்திக்குப் போக வேண்டும். நோயில் செத்தால் வேண்டுதல் செத்தது. அதனால் சேவல் அலகைத் திறந்து நிற்க ஆரம்பித்தபோது கங்கா பதறிப்போனாள். ஊரிலிருந்து வந்தவர்கள் காலத்திலிருந்து எல்லோரும் செய்கிற வைத்தியம்தான்: இறகை நல்லெண்ணெயில் தோய்த்து, அலகைப் பிளந்து, தொண்டைக்குள் விட்டுச் சுழற்றிச் சளியை எடுப்பது. தினமும் காலையில் செய்தாள்.

"லீலா, அந்த டார்ச்ச இங்க புடி. என்னடி, மூக்கப் புடிச்சிக்கிட்டு அங்க நிக்கிற? ஒம் புள்ளைக்குத்தான்டி இந்தப் பாடு."

"நாறுது அண்ணி."

"நாளைக்கு நீ பெத்தது நாறாதோ? சரி போ, நானே பாத்துக்கிறேன்."

சேவல் ஆடிப் பூசைக்குத் தன் காலிலேயே நடந்து போனது. சிறகைத் தொங்கவிட்டு, தள்ளாடி, ஆனால் நடந்து. பூசைக்கு மறுநாள்தான், நாள் தள்ளிப்போனது இரண்டாவது மாதத்திலும் தொடர்கிறது என்பதை லீலாவதி கங்காவின் காதில் மட்டும் சொன்னாள். "சாகப்போற நேரத்திலயும் சேவலு வேலையக் காட்டிருச்சுலா!" என்று கங்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது. அந்த இருமல் பிறகு நிற்கவில்லை.

*

திங்கட்கிழமை காலையில் டிரெசர் சின்னையா ஒரு ஐஸ் பெட்டியோடு வார்டு வாசலில் நின்றார். முப்பது வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரிகளிலேயே இருந்து, டாக்டர் இல்லாத ஆறு நாளும் டாக்டராக இருந்து பழகிய மனிதர்.

"லீலா, கோலாலம்பூருலேருந்து குழாய் வந்திருக்கு. எட்டுப் பேருக்கும் தொண்டையில பஞ்சுக்குச்சி விட்டுத் தொடச்சு, அதுல போட்டு அனுப்பணுமாம். கோழிக்கு வந்தது மனுசனுக்கு ஏறியிருக்கான்னு பாக்கப் போறாங்க."

"ஏறுமாங்க ஐயா?"

"ஏறாதுன்னுதான் நாங்க படிச்சோம். இப்ப பாருங்கன்னு சொல்றாங்க. ஒரு குழாயில கண்டுபுடிச்சாலும் போதும், எட்டுப் பேரையும் கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திருவாங்க. அங்க ஆக்சிஜன் இருக்கு, மெஷின் இருக்கு. இங்க என்ன இருக்கு? நீயும் நானுந்தான் இருக்கோம்."

"நீங்களே எடுத்துருங்களேன் ஐயா."

"பொம்பளைங்க என்கிட்ட வாயத் திறக்க மாட்டாங்கலா. என் வீட்டுக்காரி ஒருத்திதான் மூட மாட்டா."

அவர் வார்டுக்குள் போய் உரக்கச் சொன்னார்: லீலா வந்து தொண்டையில் குச்சி விடுவாள், எல்லாரும் நல்லா வாயைத் திறந்து காட்டணும், முகம் சுளிக்கக் கூடாது. எட்டுத் தலைகள் ஆடின. வெள்ளை உடுப்பு சொன்னால் கேட்டுக்கொள்கிற சனம். காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு நில் என்றால் நிற்கும், மருந்துக்கு வரிசையில் வா என்றால் வரும், ஏன் என்று கேட்டுப் பழக்கமில்லாத சனம்.

அன்னம்மா முதல் கட்டில். லீலாவதி துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, இடது கையில் டார்ச்சும் வலது கையில் குச்சியுமாகக் குனிந்தாள். அன்னம்மா சொன்னபடி வாயைத் திறந்தாள். உள்ளே சிவந்து, பளபளத்து, ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது. கோழிக்கூண்டின் சூடான வாடை வந்தது. குச்சி நாக்கைத் தொடுமுன் அன்னம்மாவின் மார்பு குலுங்கியது. இருமல் வெடித்தது. லீலாவதியின் கன்னத்தில், இமையில், துணியைத் தாண்டி உதட்டோரத்தில், வெதுவெதுப்பாகத் தெறித்தது.

அவள் கை தானாகத் தன் வயிற்றின்மேல் போனது.

"மன்னிச்சிக்கம்மா... நான் வேணும்னு..." என்றாள் அன்னம்மா, மறுபடி வாயைத் திறந்தபடி.

லீலாவதி பின்னால் நகர்ந்தாள். தட்டை எடுத்துக்கொண்டாள். எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மிச்சப் பேருக்கு நாளைக்கு," என்றாள்.

பொய். குழாய்களை எடுத்துப்போகும் வேன் அன்றைக்கு மூன்று மணிக்கே வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மருந்தறைக் கதவைத் தாழிட்டுவிட்டு முகத்தைச் சோப்பு போட்டு நாலு தடவை கழுவினாள். தொட்டிக்கு மேலே ரசம் போன சிறு கண்ணாடி மாட்டியிருந்தது. அதன் முன்னால் நின்று தன் வாயைத் திறந்தாள். முதல் குச்சியைத் தன் தொண்டையில் விட்டுத் துடைத்தாள். குமட்டியது. குழாயில் போட்டு மூடி, அன்னம்மா என்று பெயர் ஒட்டினாள். இரண்டாவது குச்சி. மூன்றாவது. ஐந்தாவதில் குமட்டல் நின்றுவிட்டது. எட்டாவது குழாயில் கங்கா என்று எழுதி ஒட்டினாள். அவ்வளவுதான்.

பெட்டியில் உடைந்தால் மாற்றுவதற்கென்று ஒன்பதாவதாக ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதை மட்டும் எடுத்து மருந்தறைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தாள்.

*

அன்னம்மா வாயை மூடாதது மறுநாள் செவ்வாய்க்கிழமை. அன்று சாயங்காலம் கங்கா கேட்டாள்.

"எனக்கு எப்ப எடுப்ப லீலா? நாளைக்குன்னியே."

"எடுத்தாச்சு அண்ணி. நீங்க தூங்கும்போது எடுத்துட்டேன்."

கங்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த டிரெசர், "என்ன கங்கா, குச்சி விட்டது ரொம்ப நொந்துச்சா?" என்று கேட்டபோது, கங்கா தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பிச் சிரித்தாள்.

"இல்லங்க ஐயா. புள்ள நோகாம எடுத்தா."

லீலாவதி வராந்தாவுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் காது வரைக்கும் எரிந்தது. திட்டியிருக்கலாம். காட்டிக்கொடுத்திருக்கலாம். அதைக்கூடத் தாங்கியிருக்கலாம். பின்னால் வார்டுக்குள் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. உலர்ந்த இரண்டு உதடுகள் ஒட்டிப் பிரிகிற சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது கட்டில்காரி கழுத்தை நீட்டி, மோவாயை உயர்த்தி, அவளைப் பார்த்து வாயைத் திறந்திருந்தாள்.

புதன்கிழமை மூன்றாவது கட்டிலும் நான்காவதும். வியாழன் ஐந்து. டிரெசர் உள்ளே வந்தால் எல்லோரும் சாதாரணமாகக் கிடப்பார்கள். இருமுவார்கள், முனகுவார்கள், கஞ்சி வேண்டாம் என்பார்கள். அவர் போன பிறகு, அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டதும், ஒன்றன்பின் ஒன்றாக உதடுகள் பிரியும். யாரும் பேசவில்லை. யாரும் கோபமாகப் பார்க்கவில்லை. வரச் சொன்னார்கள், வந்திருக்கிறோம் என்பது மாதிரி ஒரு பார்வை. காய்ச்சலில் வாய் வறண்டால் திறந்துகொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போதே அது பொய் என்று தெரிந்தது.

கங்கா மட்டும் திறக்கவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் லீலாவதி வார்டுக்குள் போய்வந்தாள்.

வீட்டில் சேது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டான். "அக்காவுக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

"அவ உன் கையில இருக்கா. எனக்குப் பயமில்ல," என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

சொல்லிவிட இரண்டு வார்த்தை போதும். குச்சி விடலை. இரண்டே வார்த்தை. அவள் வாயைத் திறந்தாள். சேது நிமிர்ந்து, "என்ன?" என்றான். "அப்பளம் வேணுமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு ஒன்றும் வரவில்லை. காய்ச்சலில்லை, இருமலில்லை, ஒரு தும்மல்கூட இல்லை. தொண்டை சுத்தமாக இருந்தது. அதுதான் அவளை இரவெல்லாம் விழிக்க வைத்தது.

*

அன்னம்மா சனிக்கிழமை விடியற்காலை போய்ச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை லயத்தில் சாவு வீடு. குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். லீலாவதி உள்ளே நுழைந்ததும் அன்னம்மாவின் மகள் தங்கமணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க வந்தது நல்லதாப் போச்சு. அம்மாவுக்கு வாய்க்கட்டு நிக்கவே மாட்டேங்குது. மூணு தடவ கட்டிட்டோம். நீங்க நர்சு, உங்களுக்குக் கட்டத் தெரியும்."

மறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி பேண்டேஜ் ஒன்றை எடுத்து வரச்செய்து, தாடையின் கீழிருந்து உச்சந்தலைக்குக் கொண்டுபோய் இறுக்கினாள். விறைத்த உடம்பு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அப்படியில்லை. அவள் உள்ளங்கைக்குக் கீழே அந்தத் தாடை மெதுவாக, பலமில்லாமல், ஆனால் விடாமல் கீழே தள்ளியது. சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தையின் பிடிவாதம். முகம் வெற்றாக இருந்தது. தாடை மட்டும் தள்ளியது. கையை எடுத்ததும் துணி தளர்ந்தது. வாய் திறந்தது. அவளை நோக்கி.

"விட்ருங்க, அரிசி போட்டா மூடிக்கும்," என்றார் யாரோ பெரியவர்.

வாய்க்கரிசி போட ஒவ்வொருவராக வந்தார்கள். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், பக்கத்து லயத்துச் சொந்தங்கள். ஒவ்வொரு பிடியும் உள்ளே விழும் சத்தம் அவளுக்குக் கேட்டது. முதலில் பல்லில் பட்டுத் தெறிக்கும் சத்தம். பிறகு அதுவும் இல்லை. பாத்திரத்து அரிசி பாதி தீர்ந்துபோயிற்று. வாய் நிறையவில்லை. பெரியவர் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

லீலாவதியின் முறை வந்தபோது அவள் அரிசியைக் கால்மாட்டில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

*

அடுத்த புதன்கிழமை கோலாலம்பூரிலிருந்து போன் வந்தது. டிரெசர் போனை வைத்துவிட்டு வராந்தாவிலேயே கையைத் தட்டினார்.

"எட்டும் சுத்தம்! ஒன்னுமில்லையாம். சாதாரணக் காய்ச்சல்தானாம். பாத்தியா, நாம படிச்சதுதான் சரி."

வார்டுக்குள்ளும் போய் அதையே சொன்னார். ஏழு பெண்கள் படுத்தபடியே கேட்டுக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி கைகூப்பினாள். சந்தோஷமாகக் கூப்பினாள்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். கிள்ளானிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வருகிறவர், நல்ல மனிதர், நோயாளியின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் கையைத் தொடுவார். கங்காவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். கங்காவின் உதடுகள் நாவல்பழ நிறத்துக்கு மாறியிருந்தன. நகங்களும்.

"எனக்குப் புடிக்கல சின்னையா," என்றார் அறைக்கு வந்ததும். "இவங்க ரொம்ப மோசமா இருக்காங்க. மத்தவங்களும் நல்லால்ல. ஆனா கிள்ளான்ல கட்டில் இல்ல. ரிப்போர்ட் சுத்தம்னா அவங்க எடுக்க மாட்டாங்க. சாம்பிள் சரியாத்தான எடுத்தீங்க?"

"நம்ம லீலா எடுத்தது டாக்டர். எட்டுப் பேருக்கும் அவளே எடுத்தா. அதுல கங்கா இவ நாத்தனாரு வேற. சொந்த அக்கா மாதிரி. கண்ணால பாக்கலன்னாலும் சொல்வேன், இவ கை சுத்தமான கை."

டாக்டர் அவளைப் பார்த்தார். டிரெசர் அவளைப் பெருமையாகப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. மேசைமேல் அந்த ரிப்போர்ட்டை எழுதிய தாள், ஒரு மருந்து பாட்டிலின் கீழே படபடத்தது. இப்போது சொன்னால் ஒரு மணி நேரத்தில் கிள்ளானிலிருந்து நோயாளி வேன். இப்போது. லீலாவதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர்..."

"சொல்லுங்க."

சிரித்த முகத்தோடு டிரெசர் காத்திருந்தார்.

"டீ போடட்டுமா டாக்டர்?"

"வேணாம்மா, மழை வருது. கிளம்புறேன்."

கார் செம்மண் பாதையில் திரும்பி, செம்பனைக்குள் மறைந்து, சத்தமும் மறைகிற வரைக்கும் அவள் வராந்தாவில் நின்றாள். டிரெசர் ஆண்கள் வார்டுக்குப் போய்விட்டார். கடல் பக்கமிருந்து வானம் கறுத்து வந்தது. மண்வாடையும் ஆற்றுச் சேற்று வாடையும் முதலில் வந்தன, பிறகு காற்று, பிறகு மழை. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுகிற மாதிரி. பிற்பகல் மூன்றுக்கே வார்டில் விளக்குப் போட வேண்டியிருந்தது.

எட்டாவது கட்டிலில் கங்கா சுவர்ப் பக்கமிருந்து இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். ஒரு விரலை அசைத்துக் கூப்பிட்டாள்.

லீலாவதி குனிந்தாள். இந்தத் தடவை துணி கட்டிக்கொள்ளவில்லை.

"அழாதடி," என்றாள் கங்கா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு இழுப்பு. "நீ பயந்துட்ட. வயித்துல புள்ள. எனக்குத் தெரியும்."

"அண்ணி..."

"எனக்காகக் கேக்கல. அவங்கல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க, லீலா. ராத்திரிபூரா திறந்து வச்சிக்கிட்டுக் கெடக்குறாங்க. பாக்க முடியல. ஒரு தடவ... பாத்துரு."

"பாக்குறேன் அண்ணி. முதல்ல உங்களுக்கு. இன்னொரு குழாய் இருக்கு. இப்ப எடுத்து, இப்பவே நானே சேதுவோட லோரியில கொண்டுபோறேன். எல்லாத்தையும் சொல்லிடுறேன். இதோ வரேன். ரெண்டு நிமிசம்."

"எனக்குக் கடைசியில போதும்," என்றாள் கங்கா.

*

மருந்தறையில் ஒன்பதாவது குழாய் வைத்த இடத்தில் இருந்தது. குச்சி எடுத்தாள். டார்ச் எடுத்தாள். கதவருகே வந்தாள்.

நின்றாள்.

அந்தப் பளபளத்த சிவப்பு நினைவுக்கு வந்தது. கன்னத்தில் தெறித்த வெதுவெதுப்பு. கை வயிற்றுக்குப் போனது. ஒரு நிமிடம், என்று நினைத்தாள். மூச்சு ஒழுங்குக்கு வரட்டும். கதவைத் தாழிட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். குச்சி கையில் இருந்தது. மழை கொட்டியது. இதோ எழுந்துவிடுவேன் என்று நினைத்துக்கொண்டே, தன் உடம்பு எழாமல் உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு நிமிடம். கண்ணாடியில் ஒரு பெண் தெரிந்தாள். ஆரோக்கியமான பெண். லீலாவதி கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

மழை விட்டது. படிப்படியாக அல்ல. கையை வைத்து மூடியதுபோல.

அந்த அமைதியில்தான் அவளுக்குப் புரிந்தது. வார்டில் இருமல் இல்லை. பதினேழு நாளாக, இரவும் பகலும், ஒருவர் விட்டால் இன்னொருவர் தொடர்ந்த இருமல். ஒருவரிடமும் இல்லை.

கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம். தவளைகூட இல்லை.

பிறகு பாதங்கள்.

வெறும் பாதங்கள். ஈரச் சிமெண்டுத் தரையில். அவசரமில்லாமல். ஒன்று நின்றதும் அடுத்தது வந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. புடவை உரசுகிற சத்தம். யாரோ யாருக்கோ இடம் விட்டு ஒதுங்குகிற சத்தம். கதவுக்கு வெளியே வந்து எல்லாம் நின்றன.

கதவடியில் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தது. அதில் சிவந்த மண் கரைந்திருந்தது. வெள்ளையாகச் சில மணிகள் மிதந்து வந்தன. அரிசி.

"டிரெசர் ஐயா?" என்றாள்.

உலர்ந்த உதடுகள் பிரியும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

யாரும் கதவைத் தட்டவில்லை. தட்ட மாட்டார்கள். தட்டிப் பழக்கமில்லாதவர்கள். திறக்கிற வரைக்கும் நிற்பார்கள். அவள் திறக்காவிட்டால் நாளைக்கும் நிற்பார்கள். அதை நினைத்ததும் முக்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தாள். தாழை நீக்கினாள்.

வராந்தா நெடுகிலும் வரிசை. கட்டில் எண் மாறாமல்.

முதலில் அன்னம்மா. தளர்ந்த பேண்டேஜ் கழுத்தில் மாலையாகத் தொங்கியது. கூந்தலில் மண். அவளுக்குப் பின்னால் ஆறு பேர், ஆஸ்பத்திரிப் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு, காலை மருந்துக்கு நிற்பதுபோல் ஒட்டி ஒழுங்காக. எல்லாக் கழுத்துகளும் நீண்டிருந்தன. எல்லா மோவாய்களும் உயர்ந்திருந்தன. எல்லா வாய்களும் திறந்து, அவளை நோக்கி. ஒருவர் முகத்திலும் கோபமில்லை. ஒருவர் மார்பும் ஏறி இறங்கவில்லை.

லீலாவதியின் கையில் ஒரே ஒரு குச்சி இருந்தது.

வரிசையின் கடைசியில், எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு, கங்கா நின்றாள். முன்னால் நின்றவளின் தோளில் கையை வைத்து, கொஞ்சம் சாய்ந்து லீலாவதியை எட்டிப் பார்த்தாள். உனக்கு முடிகிறபோது வா என்பதுபோல் தலையசைத்தாள். பிறகு அவளும் கழுத்தை நீட்டி, மோவாயை உயர்த்தி, நோகாமல் எடுக்கட்டும் என்று எவ்வளவு அகலமாகத் திறக்க முடியுமோ அவ்வளவு அகலமாக, அதற்குமேலும் அகலமாக, வாயைத் திறந்தாள்.